ஈயம் உருகிய தெருவில் ஒரு கோயில்

புஷ் ஹவுஸ் வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். லண்டனின் ஆல்ட்விச் வளைவில் பெரிய தூண்களோடு நிற்கும் அந்தக் கட்டடத்தில் இப்போது கிங்ஸ் கல்லூரி மாணவர்கள் காப்பிக் கோப்பையோடு போய்வருகிறார்கள். 2012 வரை பி.பி.சி.யின் உலக சேவை இங்கிருந்துதான் ஒலித்தது. 1941இல் தொடங்கிய தமிழ் ஒலிபரப்புக்குப் பின்னாளில் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரரான சோ. சிவபாதசுந்தரம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பா ரேடியோவைத் திருகித் திருகி அந்த அலைவரிசையைப் பிடிப்பார். இரைச்சலுக்கு நடுவே லண்டன் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அப்பா ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். பகல் முழுக்க ஈய எழுத்துகளைக் கோத்த விரல்கள் அவருடையவை. நகக்கண்ணில் கருப்பு படிந்தே இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது.

அந்த விரல்களை நினைத்துக்கொண்டுதான் கிழக்கே நடக்கத் தொடங்கினேன். போக நினைத்த இடம் ஃப்ளீட் தெருவின் மறுகோடியில் இருக்கும் செயின்ட் பிரைட் ஆலயம். அச்சுக்காரர்களின் கோயில், பத்திரிகைக்காரர்களின் கோயில் என்று பெயர்பெற்ற ஆங்கிலிக்கன் தேவாலயம் அது.

வழியில் முதலில் எதிர்ப்படுவது செயின்ட் கிளெமென்ட் டேன்ஸ். சாலையின் நடுவே தீவுபோல நிற்கிறது. 1941 மே மாதக் குண்டுவீச்சில் உள்ளே எல்லாம் எரிந்துபோய், சுவரும் கோபுரமும் மிஞ்சின. 1958இல் விமானப்படையின் கோயிலாகப் புதுப்பித்தார்கள். ஆனால் வெளிச்சுவரில் குண்டுச் சிதறல் பெயர்த்த பள்ளங்களைப் பூசி மறைக்கவில்லை. ஒரு பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுசாக அதற்குள் அடங்கியது. நவம்பர் குளிரில் கல் பனிக்கட்டிபோல இருந்தது.

எரிந்த கோயிலை என்ன செய்வது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டன் நகரம் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. செயின்ட் பால் பேராலயத்துக்குப் பக்கத்தில் இருந்த கிரைஸ்ட் சர்ச் கிரேஃபிரையர்ஸின் உட்பகுதி ரோஜாத் தோட்டமாகிவிட்டது. செயின்ட் டன்ஸ்டன் இன் தி ஈஸ்ட் கோயிலின் ஜன்னல் வளைவுகளில் இன்று கொடி படர்ந்து கிடக்கிறது. மதியச் சாப்பாட்டை அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். செயின்ட் மேரி ஆல்டர்மன்பரியின் கதை இன்னும் வினோதம். எரிந்துபோன அந்தக் கோயிலின் கற்களை 1960களில் கப்பலேற்றி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஃபுல்டன் ஊருக்குக் கொண்டுபோய், சர்ச்சிலின் நினைவாக அங்கே மறுபடி கட்டிவிட்டார்கள். தோட்டமாக்கியதில் எனக்கு வருத்தமில்லை. கல்லைக் கண்டம்விட்டுக் கண்டம் கொண்டுபோனதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. எத்தனையோ தலைமுறை ஞானஸ்நானம் பெற்று, கல்யாணம் செய்து, அடக்கமான மண்ணை விட்டுவிட்டுக் கல் மட்டும் போய் என்ன செய்யும்?

செயின்ட் பிரைட் ஆலயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே மண்தான் பேசத் தொடங்கியது.

டெம்பிள் பார் என்ற இடத்தில், பீடத்தின் மேல் சிறகு விரித்து நிற்கும் டிராகனைக் கடந்தால் பழைய லண்டன் நகரத்தின் எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். அங்கிருந்து ஃப்ளீட் தெரு. இந்தத் தெருவுக்கு எழுத்து வந்து சேர்ந்தது 1500ஆம் ஆண்டு வாக்கில். இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த கேக்ஸ்டனிடம் வேலை பார்த்தவர் விங்கின் டி வோர்ட். முதலாளி இறந்தபின் அச்சுப்பொறியை வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து செயின்ட் பிரைட் கோயில் பக்கம் மாற்றிக்கொண்டார். காரணம் எளிமையானது. அன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குருமார்களும் வக்கீல்களும்தான். இரண்டு கூட்டமும் இந்தப் பகுதியில் குடியிருந்தது. வாங்குகிற ஆள் இருக்கிற இடத்துக்குக் கடை போனது. நூற்றுக்கணக்கான புத்தகங்களை அச்சிட்டுவிட்டு, 1535 வாக்கில் இறந்து, அதே கோயிலில் அடக்கமானார். 1702 மார்ச் 11 அன்று, ஆங்கிலத்தின் முதல் தினசரியான டெய்லி கூரன்ட் இதே தெருவின் கீழ்க்கோடியில் வெளிவந்தது. எலிசபெத் மாலட் என்ற பெண்மணி வெளியிட்ட ஒற்றைத் தாள் அது. ஒரு பக்கம் மட்டுமே அச்சு.

பாதித் தெருவில், ஒரு சந்தின் ஓரமாக ‘யி ஓல்ட் செஷயர் சீஸ்’ என்ற மதுக்கூடம் இருக்கிறது. 1666இல் லண்டனை எரித்த பெருந்தீயில் எரிந்து, அடுத்த ஆண்டே திரும்பக் கட்டப்பட்டது. சுற்றுலாக்காரர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது.

மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழில் அச்சிட ஆசைப்பட்டபோது, லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கம் ஓர் அச்சுப்பொறியைக் கப்பலில் அனுப்பி வைத்தது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். கூட வந்த அச்சுக்காரர் ஜோனாஸ் ஃபின்க் கரை சேராமலே இறந்துபோனார். பொறி மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹால்லே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் அடங்கும், தாள் கட்டுப்படியாகவில்லை. அதனால் சின்ன எழுத்துகளை உள்ளூரிலேயே வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? லண்டன் சங்கத்தார் அன்போடு அனுப்பியிருந்த செஷயர் பாலாடைக்கட்டி, கடல் பயணத்தில் கெடாமலிருக்க ஈயத் தகட்டில் பொதியப்பட்டு வந்தது. அந்தத் தகட்டை உருக்கினார்கள். தமிழ் அச்சு வரலாற்றைச் சொல்கிறவர்கள் யாரும் இந்தச் செய்தியைச் சொல்லாமல் விடுவதில்லை. தமிழ் அச்சேறியது அதற்கு வெகுகாலம் முன்பே, 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்திலேயே. ஆனாலும் 1714, 1715 ஆண்டுகளில் தரங்கம்பாடியில் வந்த புதிய ஏற்பாடுதான் எங்கள் ஊர்ப் பக்கத்து அச்சகங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன். அப்பா கைவைத்த ஈயத்தின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

இப்போது ஃப்ளீட் தெருவில் ஒரு பத்திரிகையும் அச்சாவதில்லை. டெலிகிராஃப் கட்டடம் நிற்கிறது, கறுப்புக் கண்ணாடி போர்த்திய எக்ஸ்பிரஸ் கட்டடம் நிற்கிறது. உள்ளே வேறு யாரோ. 1986இல் ரூபர்ட் மர்டாக் தன் பத்திரிகைகளைக் கிழக்கே வாப்பிங்குக்குக் கொண்டுபோனார். வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 6000 அச்சுத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். ஈயமும் அத்தோடு இந்தத் தெருவை விட்டுப் போகத் தொடங்கியது. ஆங்கில அச்சகங்களில் தொழிலாளர் சங்கத்தின் கிளைக்கு ‘சேப்பல்’ என்றுதான் பெயர். சிற்றாலயம்! அதன் தலைவர் ‘ஃபாதர் ஆஃப் தி சேப்பல்’. கூலிக்காகப் பேசுகிற சங்கம் கோயிலின் பேரைத் தாங்கிப் பல காலம் ஓடியிருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லிக் கூடிய ஆட்கள்தான் 1986இல் தெருவில் நின்றார்கள்.

85ஆம் எண் கட்டடத்தில் ராய்ட்டர்ஸ் இருந்தது. புதுதில்லியைக் கட்டிய அதே லட்யன்ஸ் வடிவமைத்தது. வாசலுக்கு மேல் ஊதுகுழல் ஏந்திய வெண்கல உருவம். பக்கத்தில் ஒரு குறுகிய சந்து. அதற்குள் திரும்பியதும் கோபுரம் தலைக்கு மேல் எழுந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஊசிக்கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவன் நான். தூய திரித்துவப் பேராலயத்துக்கு அந்தப் பெயரை ஊர்மக்கள் வைத்தது, ஊசிபோலக் குத்தி நிற்கும் அதன் உச்சியைப் பார்த்துத்தான். செயின்ட் பிரைட் கோபுரம் அப்படி ஒரே வீச்சில் மேலே போகவில்லை. எண்கோண அடுக்கு, அதன்மேல் சற்றே சிறிய அடுக்கு, அதன்மேல் இன்னும் சிறியது என்று நிலை நிலையாக ஒடுங்கிப் போகிறது. நம் ராஜகோபுரத்தை அண்ணாந்து நிலைகளை எண்ணிப் பழகிய கண் தானாகவே எண்ணத் தொடங்கிவிடும். நான்கு நிலை எண்ணி முடிக்கும்போது கூர்நுனி வருகிறது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோஃபர் ரென் 1701க்கும் 1703க்கும் இடையில் எழுப்பியது. அவர் கட்டிய கோயில் கோபுரங்களில் இதுதான் உயரம். லட்கேட் ஹில்லில் இருந்த வில்லியம் ரிச் என்ற பேக்கரிக்காரர் இதைப் பார்த்துத்தான் அடுக்குக் கல்யாண கேக்கைச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இடியின் கதை. முதலில் கோபுரத்தின் உயரம் 234 அடி. 1764 ஜூன் மாதம் இடி விழுந்து உச்சி உடைந்து, செப்பனிட்டபோது 8 அடி குறைந்து 226 ஆகிவிட்டது. அறிஞர்கள் ஏறிப் பார்த்து ராயல் சொசைட்டிக்கு அறிக்கை எழுதினார்கள். கற்களை இறுக்கிப் பிடிப்பதற்கென்று உள்ளே வைத்த இரும்புக் கட்டுகள் இருந்த இடங்களில்தான் கல் அதிகமாகச் சிதறியிருந்தது. பலத்துக்காக வைத்ததே பலவீனமானது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சொன்ன இடிதாங்கியை உயரமான கட்டடங்களுக்கு வைக்க வேண்டும் என்ற பேச்சு அதன்பின் சூடுபிடித்தது. 2010களில் போர்ட்லண்டு கல் மறுபடியும் சிதையத் தொடங்கி, மக்களிடம் பணம் திரட்டிச் சாரம் கட்டி, பழுதான கற்களை மாற்றினார்கள். பழுதுபார்ப்பது என்பது ஒருமுறை முடிகிற வேலையே இல்லை. கீழிருந்து பார்த்தால் மாற்றிய கல் எது, பழைய கல் எது என்று எனக்குத் தெரியவில்லை, கொத்தனாருக்குத் தெரிந்திருக்கும்.

உள்ளே போனதும் ஒரு கணம் ஏமாற்றமாக இருந்ததை மறைக்காமல் சொல்கிறேன். எல்லாம் பளிச்சென்று இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் தரை, தங்கம் பூசிய பூவேலை, தேன் நிறத்துத் தேக்குபோல மினுங்கும் மரவேலை. முன்னூற்றைம்பது வருஷத்துக் கோயிலை எதிர்பார்த்து வந்தவனுக்கு நேற்றுக் கட்டியதுபோல ஒரு கூடம். விஷயம் அதுதான்: கோபுரம் 1703; அடித்தளம் அதைவிட மிகப் பழசு; நான் நின்றிருந்த நடுப்பகுதி 1957.

1940 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆராதனை முடிந்து கோயிலைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஜெர்மன் விமானங்கள் ஆயிரக்கணக்கில் தீக்குண்டுகளைப் போட்டன. வார இறுதியில் கடைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடந்ததால் கூரையில் விழுந்த குண்டை அணைக்க ஆளில்லை. தேம்ஸ் நதியில் அன்று பார்த்து நீர் வற்றியிருந்தது. தீயணைப்புக் குழாய்கள் சேற்றை உறிஞ்சின. செயின்ட் பாலுக்குப் பின்னால் இருந்த பேட்டர்னாஸ்டர் ரோ என்ற புத்தகத் தெருவில் மட்டும் 50 லட்சம் புத்தகங்கள் எரிந்ததாகக் கணக்கு. செயின்ட் பிரைடில் கூரை இறங்கியது. கோபுரத்து மணிகள் கழன்று விழுந்தன. விடிந்தபோது சுவர்கள் நின்றன, கோபுரம் நின்றது. ரென் அடுக்கிய கல் அந்த வெப்பத்தையும் தாங்கியிருந்தது.

இந்தக் கோயிலைத் திரும்பக் கட்டியவர் காட்ஃப்ரி ஆலன். செயின்ட் பால் பேராலயத்தின் கட்டடப் பொறுப்பாளர். போர்க்காலத்தில் அந்தப் பேராலயத்தைத் தீயிலிருந்து காத்த தொண்டர் படைக்கும் அவர்தான் தலைவர். அதே டிசம்பர் இரவில் ஒரு தீக்குண்டு செயின்ட் பாலின் குவிமாடத்து ஈயத் தகட்டில் செருகி நின்றது. சுற்றிலும் ஈயம் உருகத் தொடங்கியது. பிறகு அதுவே சரிந்து வெளிமாடத்தில் விழ, அணைத்துவிட்டார்கள். அந்தக் கோயில் தப்பியது, கூப்பிடு தூரத்தில் இருந்த இந்தக் கோயில் எரிந்தது. ஒன்றைக் காப்பாற்றியவர் கையிலேயே மற்றொன்றின் சாம்பலும் வந்து சேர்ந்ததை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆலன் ரென்னின் வரைபடங்களை வைத்துக்கொண்டு கட்டினார். ஆனால் அப்படியே நகல் எடுக்கவில்லை. பழைய மேல்மாடங்களைத் திரும்ப வைக்கவில்லை. சபையார் பீடத்தைப் பார்த்து வரிசையாக உட்காரும் பழக்கத்தை மாற்றி, நடுவழியின் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்து உட்காரும்படி இருக்கைகளைப் போட்டார். கிழக்குச் சுவர் குழிவாக வளைந்து போவதுபோலத் தெரிகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் தட்டையான சுவர். கிளின் ஜோன்ஸ் என்ற ஓவியர் தீட்டிய படம்தான் அப்படிக் கண்ணைக் கூட்டிப்போகிறது. பழமையை அணு அணுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பவர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது. எனக்கு அந்த இருக்கை அமைப்பு மிகவும் பிடித்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வந்து உட்காரும் கோயிலில் எதிரெதிர் முகம் பார்த்து உட்காருவது பொருத்தம்தான். இருக்கைகளில் சின்னச் சின்னப் பெயர்த் தகடுகள். பல இடங்கள் பத்திரிகைக்காரர்களின் நினைவில். பெயர்களைப் படித்துக்கொண்டே நகர்ந்ததில் நேரம் போனது தெரியவில்லை. 1957 டிசம்பர் 19 அன்று எலிசபெத் ராணியின் முன்னிலையில் மறுபிரதிஷ்டை நடந்தது. ரென் கட்டிய கோயில் ஆராதனைக்குத் திறந்ததும் 1675இல் அதே டிசம்பர் 19தான். 282 ஆண்டு.

ரென்னுடையதும் ஒரு மறுகட்டுமானமே. 1665இல் கொள்ளைநோய் வந்து, இந்தச் சபையில் மட்டும் இரண்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். மறு வருஷம் செப்டம்பரில் பெருந்தீ. நகரத்தில் 87 கோயில்கள் போயின. செத்தவர்களுக்கு அழுது முடிக்காத சபை, கோயிலை எழுப்பப் பணம் சேர்த்தது. தாமதமில்லாமல் வேலை தொடங்க 500 பவுண்டு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது, கட்டினார்கள். அதே சபையைச் சேர்ந்த ஜோஷுவா மார்ஷல்தான் கற்கொத்தனார். நான் நிற்கும் இடத்தில் அப்போதும் சாம்பல் வாசம் இருந்திருக்கும்.

நிலவறைக்குப் படி இறங்கினேன்.

1950களில் மறுபடி கட்டுவதற்கு முன், டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் என்ற தொல்லியலாளர் இங்கே அகழ்வாய்வு செய்தார். கோயில் நின்றிருந்தவரை யாரும் தோண்டியிருக்க முடியாது. கூரை போனதால்தான் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழி பிறந்தது. ரென் கோயிலுக்கு அடியில் பதினைந்தாம் நூற்றாண்டுக் கோயில். அதற்கு அடியில் அதைவிடப் பழசு. ஒன்றுக்குள் ஒன்றாக அடித்தளச் சுவர்கள். கடைசியில் ரோமானியர் காலத்துத் தரை. அது ஒரு மூலையில் எட்டாத பள்ளத்தில் இருப்பதால், கண்ணாடி வைத்துப் பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் சின்னச் சதுரமாக ஒரு தரைத்துண்டு. அயர்லாந்தின் கில்டேர் ஊர்ப் புனிதை பிரிஜிட்டின் பெயரில் கோயில் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு யாரோ நடந்த தரை.

எலும்புகள் அதற்கப்பால். 1850களின் காலரா காலத்தில் நகரத்துக்குள் அடக்கம் செய்வதை நிறுத்தி, நிலவறையை அடைத்துவிட்டார்கள். பூட்டியவர்களும் செத்துப்போய், பூட்டியதே மறந்துபோயிற்று. நூறு வருஷம் கழித்துத் திறந்தபோது ஆயிரக்கணக்கானவர்களின் எலும்புகள். இடைக்கால எலும்பறை ஒன்றில், நீள எலும்புகள் தனியாகவும் மண்டையோடுகள் தனியாகவும் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்திருந்தார்கள். புதுப் பிணத்துக்கு இடம் வேண்டி, பழைய எலும்பைத் தோண்டி எடுத்து, வகை பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

அதைப் பார்த்த நிமிஷம் எனக்கு அப்பாவின் கேஸ் அறை, அதாவது எழுத்துப் பெட்டிகளின் அறை, கண்முன்னே வந்தது. அச்சு ஓடி முடிந்ததும் எழுத்துகளைக் கோத்த பாரத்தைக் கழற்றி, எழுத்துகளைப் பிரித்து, அதனதன் குழியில் திரும்பப் போட வேண்டும். ‘க’ ஒரு குழி, ‘கி’ ஒரு குழி, புள்ளி வைத்தது ஒரு குழி. பத்து விரலால் ஒரு வாக்கியத்தை உடைத்து எழுத்தாக்கி வைத்துவிடுவார். எந்த ‘ம’ நேற்றைய கல்யாணப் பத்திரிகையில் இருந்தது, எந்த ‘ம’ துஷ்டி அட்டையில் இருந்தது என்று அதன்பின் யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கு வேறு வாக்கியத்தில் வரும். இந்த எலும்புகளும் வாக்கியம் கலைந்த எழுத்துகள். யாருடைய தொடை, யாருடைய தலை என்று கேட்பாரில்லை.

ஆனால் எல்லாரும் அப்படிக் கலைந்துவிடவில்லை. வசதியுள்ளவர்கள் ஈயப் பெட்டியில் அடக்கமானார்கள். பெட்டியின் மேல் தகட்டில் பெயர், இறந்த நாள், வயது. அப்படிப் பெயரோடு கிடைத்த 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் இன்று மருத்துவ உலகுக்கு அரிய சொத்து. எலும்பை வைத்து வயதைக் கணிக்கும் முறை சரிதானா என்று சோதிக்க, உண்மையான வயது தெரிந்த எலும்பு வேண்டுமல்லவா? அந்தப் பெயர்த் தகடுகள் அதைச் சொல்கின்றன. கிடைத்தவர்களில் சாமுவேல் ரிச்சர்ட்சனும் ஒருவர். ‘பமீலா’ நாவலை எழுதியவர் என்று இலக்கிய மாணவர்கள் அறிவார்கள். வாழ்நாள் முழுக்க அவர் செய்த தொழில் அச்சகம். பக்கத்துச் சாலிஸ்பரி கோர்ட்டில்தான் நடத்தினார். ஈய எழுத்தில் பிழைத்தவர் 1761இல் ஈயப் பெட்டிக்குள் போனார்.

ஒரு ஓரத்தில் இரும்புச் சவப்பெட்டி வைத்திருக்கிறார்கள். பிணத் திருடர்கள் உடலைத் தோண்டி மருத்துவப் பள்ளிகளுக்கு விற்ற காலத்தில், 1818இல் காப்புரிமை பெற்ற வடிவம். மூடினால் திறக்கவே முடியாதபடி உள்ளே பூட்டு. செத்தபின்னும் திருட்டுக்குப் பயந்த மனிதர்கள்.

இதே கோயிலில் 1633இல் ஞானஸ்நானம் பெற்ற சாமுவேல் பெப்பிஸ், தன் தம்பி டாம் 1664இல் இறந்தபோது இங்கே குழிவெட்டியிடம் வந்து பேசியதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அம்மா உட்காரும் இருக்கைக்கு அடியில் தம்பிக்கு இடம் வேண்டும் என்று கேட்டார். இடம் நிரம்பி வழிகிறது. கொஞ்சம் காசு கைமாறியதும், ஏற்கெனவே கிடப்பவர்களை நெருக்கித் தள்ளியாவது இடம் பண்ணித் தருவதாகக் குழிவெட்டி ஒத்துக்கொண்டான். பெப்பிஸ் அதைக் கேட்டுத் திடுக்கிட்டார். நாளைக்குத் தன் தம்பியையும் யாருக்காகவோ இப்படி நெருக்குவான் என்பது புரியாமல் இருந்திருக்காது.

மேலே வந்தபோது வெளியே இருட்டிவிட்டது. மணி நாலரைகூட ஆகவில்லை. வடகிழக்கு மூலையில் ஒரு சின்னப் பீடம் இருக்கிறது. செய்தி சேகரிக்கப் போய்க் கொல்லப்பட்டவர்கள், காணாமற்போனவர்கள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோரின் படங்களும் பெயர்களும் அங்கே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருக்கின்றன. 1986இல் பெய்ரூட்டில் பிணையாகப் பிடிபட்ட ஜான் மெக்கார்த்திக்காக இங்கே ராத்திரி முழுக்க விழித்திருந்து ஜெபித்தார்கள். ஐந்து வருஷத்துக்குமேல் கழித்து அவர் விடுதலையானார். 2005இல் ராய்ட்டர்ஸ் இந்தத் தெருவை விட்டுக் கிளம்பியபோது நடந்த வழியனுப்பு ஆராதனையும் இங்கேதான்.

வன்னிக்குப் போய்த் திரும்பும் வழியில் 2001இல் ஒரு கண்ணை இழந்த செய்தியாளர் மேரி கால்வினை நினைத்தேன். மற்றக் கண்ணோடு சிரியாவுக்குப் போய் 2012இல் ஹோம்ஸ் நகரில் உயிர்விட்டவர். யாழ்ப்பாணத்து மயில்வாகனம் நிமலராஜனை நினைத்தேன். 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் தமிழோசைக்குச் செய்தி தந்தவர். அவர் அனுப்பிய செய்தி வந்து இறங்கிய கட்டடத்தின் வாசலில்தான் இன்று காலை நான் நின்றேன். அங்கிருந்து இந்தப் பீடத்துக்கு ஒரு மைல் தூரம்கூட இல்லை. அப்பா ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்ட செய்திகளில் நிமலராஜன் எழுதியதும் இருந்திருக்கும். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பாடகர் குழு உள்ளே ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தது.

கோயிலுக்குப் பின்புறம் இறங்கும் பிரைட் லேனில், செயின்ட் பிரைட் ஃபவுண்டேஷன் என்ற சிவப்புக் கட்டடம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து அச்சுத் தொழிலாளர்களுக்காக 1890களில் தொடங்கியது. அச்சுக்கலைக்கென்றே ஒரு நூலகம் உண்டு. ஈய எழுத்துக் கோப்பதை இன்றும் கற்றுத் தருகிறார்கள். பயிற்சி அறையில் இருபது வயதிருக்கும் ஒரு பெண் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை இடது கையில் பிடித்து, தன் பெயரைத் தலைகீழாகக் கோத்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கை அவள் பிடித்த விதம் தப்பு. கட்டைவிரல் எழுத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வரி சாய்ந்துவிடும். சொல்லலாமா என்று தயங்கி, கடைசியில் சொன்னேன். சிரித்துவிட்டு விரலை மாற்றிக்கொண்டாள். கேஸிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள். பன்னிரண்டு பாயின்ட் இருக்கும். முகத்தில் பழைய மை. அந்த அளவுக்குக் கொஞ்சம் அதிகக் கனம்தான்; எனக்கு அந்தக் கனம் பழக்கம்.

வெளியே வந்து, கோயில் முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த ரொட்டியை எடுத்தேன். வாயருகே கொண்டுபோகும்போது விரல் நுனி கருத்திருந்தது கண்ணில் பட்டது. அப்பா வேலை முடிந்து வந்தால் அம்மா வாசல்படியிலேயே நிறுத்தி வைப்பாள். செம்புத் தண்ணீரும் சோப்பும் வைத்திருப்பாள். ஈயம் பட்ட கையோடு எதையும் தொடக் கூடாது, எங்களைக்கூட. கழுவி முடித்தபின் ஒரு வாழைப்பழம் தருவாள்; ஈயத்தை அது முறிக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை.

ரொட்டியைத் தாளில் மடித்துவைத்துவிட்டு, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று பார்க்க எழுந்தேன்.